வெயில் வரவு... தண்ணீர் முதல்!

சோலார் பம்ப்செட் வைத்திருப்பவர்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

‘ஐந்து எச்.பி. சோலார் பம்ப்செட் போட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டலாம்?’

வாசகர் கேள்விப் பகுதிக்கு இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது. ஆசிரியர் குழு இதை என் பக்கம் தள்ளிவிட்டதற்குக் காரணம் உண்டு. காங்கேயம் பக்கம் 5 ஏக்கர் மானாவாரியும் தோட்டமுமாக வைத்திருக்கும் நானும் அதே 5 எச்.பி. போட்டிருக்கிறேன். அதே கேள்விக்கு, ‘வெயில் இருக்கும் வரைக்கும் ஓட்டலாம்’ என்று நானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டேன். அந்தப் பதிலுக்கு ஒரு போர்வெல்லையும் முக்கால் ஏக்கர் வாழையையும் விலையாகக் கொடுத்தேன். பக்கத்துத் தோட்டத்து மாமாவின் கிணறும் சேர்ந்து வற்றியது. அதற்கு என்ன விலை போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால், பேனலை மாட்டுவதற்கு முன்னால் அதை எனக்கு யாரும் போட்டுக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

கவலை ஓட்டிய காலத்துச் சூரியன்

எங்கள் தோட்டத்தில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. 60 அடி ஆழம். அப்பாரு காலத்தில் அதில் கவலை ஓடியது. சால், வடம், வாரியில் பின்னும் முன்னும் நடக்கும் ஒரு ஜோடிக் காங்கேயம் மாடு. விடியற்காலையில் பூட்டினால் வெயில் ஏறும்போது அவிழ்த்துவிடுவார்கள். தண்ணீர் 50 அடியில் கிடந்தது.

அந்தக் கவலையும் சூரிய சக்தியில் ஓடியதுதான் என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் யோசித்தேன். வெயிலைப் புல் பிடித்து வைத்தது. புல்லை மாடு தின்றது. மாடு வடத்தை இழுத்தது. ஒரு ஜோடி மாடு தொடர்ந்து இழுக்கும் திறன் ஏறக்குறைய ஒரு எச்.பி., அதாவது 746 வாட். நாலு மணி நேரம் இழுத்தால் சுமார் 3 யூனிட். பின்வாங்கி நடப்பது, சாலில் சிந்துவது என்று பாதி போனாலும், 50 அடியிலிருந்து 30,000 லிட்டருக்கு மேல் இறைக்கலாம்.

என் தோட்டத்தில் இப்போது நிற்பது 400 வாட் பேனல்கள் 12. மொத்தம் 4,800 வாட். சோலார் போட்ட வருடம் நாள் முழுக்க ஓட்டி அளந்து பார்த்தபோது, ஒரு நல்ல வெயில் நாளில் அது கொடுத்தது 36,000 லிட்டர் சொச்சம். ரெண்டு மாடு செய்த வேலையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். எங்கே போனது மிச்சம்?

ஆழத்துக்குப் போனது. இதுதான் முழுக் கட்டுரைக்கும் அச்சாணி என்பதால் கொஞ்சம் நின்று பார்த்துவிடுவோம்.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அதை ஒரு மீட்டர் உயரம் தூக்க 9.8 ஜூல் ஆற்றல் வேண்டும். யார் தூக்கினாலும், எந்தக் கம்பெனி மோட்டார் தூக்கினாலும் இதற்குக் குறைந்து முடியாது. இது பூமியின் இழுவிசை போட்ட விலை. நாம் பேசும் ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். அப்படியானால் 1,000 லிட்டரை 100 மீட்டர், அதாவது 330 அடி தூக்க 0.27 யூனிட் போதும். ஆனால் மோட்டாரில் சூடாக, பம்பில் சுழலாக, பைப்பில் உராய்வாகப் பாதிக்கு மேல் போய்விடும். நடைமுறையில் 0.6 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே 1,000 லிட்டர் அப்பாரு காலத்து 50 அடியில் இருந்தால் 0.09 யூனிட்தான். 600 அடிக்குப் போனால் 1.1 யூனிட். தண்ணீர் அதேதான்; மரம் குடிப்பதும் அதேதான்; ஆழம் மட்டும் 12 மடங்கு, செலவும் 12 மடங்கு. கொட்டகைக்குப் பக்கத்தில் 12 பேனல் பளபளவென்று நிற்பதை வளர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் அது, நீர்மட்டம் இறங்கியதற்கு நாம் கட்டும் அபராதம்.

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல

‘சித்திரை வெயில் கொளுத்துகிறது, ஆனால் மோட்டார் தை மாதம் மாதிரி எடுக்கவில்லை. பேனல் பழுதா?’ அரவக்குறிச்சிப் பக்கமிருந்து வந்த கேள்வி இது. அதிகமாக நீர் இறங்கியிருக்கலாம். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் பேனலின் குணத்திலேயே இருக்கிறது.

பேனலுக்குள் இருப்பது மணலிலிருந்து பிரித்தெடுக்கும் சிலிக்கான். அதை மெல்லிய வில்லையாக அறுத்து, ஒரு பக்கம் துளி பாஸ்பரஸும் மறுபக்கம் துளி போரானும் கலந்திருப்பார்கள். இதனால் வில்லைக்குள் ஒரு வரப்பு உண்டாகிறது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். வெளிச்சம் விழுந்ததும் சிலிக்கானில் இருக்கும் எலெக்ட்ரான்கள் எகிறி வரப்பைத் தாண்டுகின்றன. தாண்டியவை வந்த வழியே திரும்ப முடியாது. நாம் வெளியே ஒரு கம்பியை வாய்க்கால் மாதிரி வெட்டிக் கொடுத்தால், அது வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பும். போகிற வழியில் மோட்டாரைச் சுற்றிவிட்டுப் போகும். அவ்வளவுதான் சோலார் மின்சாரம். இதில் எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1954-ல் செய்த முதல் உருப்படியான சிலிக்கான் செல், விழுந்த வெளிச்சத்தில் 6 சதவிகிதத்தைத்தான் மின்சாரமாக்கியது. இன்று நம் தோட்டத்தில் நிற்பவை 20 சதவிகிதம் ஆக்குகின்றன.

எகிற வைப்பது வெளிச்சம். சூடு எதிரி. பேனலில் அச்சடித்திருக்கும் 400 வாட் என்பது, செல் 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது கிடைக்கும் அளவு. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவிகிதம் வரை உற்பத்தி குறையும். சித்திரை மத்தியானத்தில் பேனல் 60 டிகிரியைத் தாண்டிவிடும்; தொட்டால் கை சுடும். 400 வாட் பேனல் 340, 350 வாட்டுக்கு இறங்கிவிடுவது அதனால்தான். தை, மாசியில் வானம் தெளிவு, காற்றில் குளிர்ச்சி. பேனலுக்குப் பிடித்த மாதங்கள் அவை. எங்கள் பக்கம் ஆடிக்காற்று பேனலுக்கு விசிறி வீசும். ஆனால் அப்போது மேகம் வந்து மறைத்துக்கொள்ளும்.

பேனலைத் தரையோடு ஒட்டிப் போடாமல், அடியில் காற்றோட்டம் விட்டு நிறுத்துவது இதற்காகத்தான். சிலர் அதன் அடியில் தட்டுமுட்டுச் சாமான், தட்டைப்போர் என்று அடைத்து வைக்கிறார்கள். வேண்டாம்.

நிழல் விஷயமும் அப்படித்தான். ஒரு செல்லில் கிடைப்பது அரை வோல்ட் சொச்சம். அதனால் செல்களை வரிசையாகக் கோத்துத்தான் மோட்டாருக்கு வேண்டிய வோல்டேஜ் எடுக்கிறார்கள். கான்கிரீட் போடும்போது சட்டி கைமாற்றுவார்களே, அந்த மாதிரி. நடுவில் ஒரு ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் மொத்த வரிசையும் நிற்கும். ஒரு தென்னை ஓலையின் நிழல் விழுந்தால் போதும். அந்த இடத்தைச் சுற்றிப் போக டயோடு வைத்திருக்கிறார்கள் என்றாலும், அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பேனல் போடும்போது ஐந்தடி இருந்த கன்று இன்று எங்கே நிற்கிறது என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

தூசு துடைப்பதை வாரம் ஒருமுறை, வெயில் ஏறுவதற்கு முன்னால் செய்யுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை வீசக் கூடாது. உப்புத்தண்ணீர் ஊற்றினால் வெள்ளைப் படிவம் பிடித்துக்கொள்ளும். ஒரு குடம் மழைநீர் பிடித்து வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு நாள் வெயிலின் அளவு

மேகமில்லாத உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் விழுவது சுமார் 1,000 வாட். காலை, மாலை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 5 முதல் 5.5 யூனிட். ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 20,000 யூனிட்டுக்கு மேல், ஒரே நாளில்! இதில் நம் பயிர் பிடித்து வைப்பது சதவிகிதத்தில் ஒன்றை ஒட்டித்தான்.

என் 12 பேனல்களுக்கு வருவோம். 4,800 வாட், ஐந்தரை மணி நேர முழு வெயில்: 26 யூனிட். சூடு, தூசு, கன்ட்ரோலர் இழப்பு போக 22 யூனிட். 1,000 லிட்டருக்கு 0.6 யூனிட் வீதம், 330 அடியிலிருந்து 36,000 லிட்டர். வேடசந்தூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர், ‘600 அடி போருக்கு 5 எச்.பி. போதுமா?’ என்று கேட்டிருந்தார். போதும், ஆனால் 20,000 லிட்டர்தான் வரும். எச்.பி. என்பது வேலையின் வேகம். மொத்த வேலையைத் தீர்மானிப்பது வெயிலும் ஆழமும்.

இந்த 22 யூனிட் நாளையும் வரும், நாளை மறுநாளும் வரும். இன்று நான் முழுவதையும் எடுத்துக்கொண்டதால் நாளைக்குச் சூரியனிடம் ஒரு துளியும் குறையாது. பேனலைச் செய்யச் செலவான மின்சாரத்தைக்கூட ஒன்றிரண்டு வருடத்தில் அதுவே சம்பாதித்துவிடும். அதற்குப் பிறகு 25 வருடம்வரை நிற்கும். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று சொல்வது இதைத்தான். கணக்குப்பிள்ளை பாஷையில் இது வரவு. நெய்வேலியில் வெட்டும் பழுப்பு நிலக்கரியும், டீசலும்கூட ஒரு காலத்து வெயில்தான். பல கோடி ஆண்டுக்கு முந்தைய செடிகொடியும் உயிரும் சேர்த்து வைத்துவிட்டுப் போன வெயில். அது முதல். எடுத்தால் குறையும்.

நான் தடுக்கி விழுந்த இடம்

இலவச மின் இணைப்புக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவன் நான். 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். குசும் திட்டத்தில், மத்திய அரசு 30 சதவிகிதம், மாநில அரசு 30 சதவிகிதம் மானியம் என்று வந்தபோது, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மனுக் கொடுத்து, 2021-ல் பேனல் போட்டேன். போர் 620 அடி. மோட்டார் 450 அடியில். ஓடும்போது தண்ணீர் 330 அடியில் நின்றது.

காலை எட்டு மணிக்குத் தானாக ஓட ஆரம்பிக்கும். மாலை ஐந்துக்குத் தானாக நிற்கும். மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போன தலைமுறை எங்களுடையது. பட்டப்பகலில், பில் இல்லாமல், பாம்புக்குப் பயப்படாமல் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. மூணு ஏக்கர் தென்னை. கூடவே முக்கால் ஏக்கர் வாழை வைத்தேன். தொட்டி நிறைந்தால் வாய்க்காலில் திருப்பிவிட்டேன். ‘நிறுத்தி என்ன லாபம், வெயில் வீணாகத்தானே போகும்’ என்று நினைத்தேன்.

மாமா ஒரு நாள் வேலி ஓரம் நின்று கேட்டார். “ஏனுங் மாப்ள, உங்க மோட்டாருக்குத் தூக்கமே கெடையாதுங்களா?”

சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

2023 கோடையில் காலை பதினோரு மணிக்கெல்லாம் மோட்டார் நின்றது. கன்ட்ரோலரில் ‘தண்ணீர் இல்லை’ என்று விளக்கு. கம்பெனிக்காரர்களைத் திட்டிக்கொண்டே ஆள் வைத்து மோட்டாரை 580 அடிக்கு இறக்கினேன். பேனல் அதே பேனல்; ஆழம் கூடியதால் தண்ணீர் ஏறக்குறையப் பாதியானது. அடுத்த சித்திரையில் சேறும் காற்றும் கலந்து வந்து, ஒரேயடியாக நின்றது. குலை தள்ளும் பருவத்தில் வாழை காய்ந்தது. புதிதாகப் போட்ட முதல் போரில் 650 அடி வரைக்கும் வெறும் புழுதிதான் பறந்தது. மாமாவின் கிணறு அதற்கும் ஒரு மாதம் முன்பே தரை தட்டிவிட்டது. அவருக்கு அதில் இரண்டு எருமைக்குத் தீவனப் பயிர்தான். அதற்கே வழியில்லாமல் எருமைகளைச் சந்தைக்கு ஓட்டிப் போனார். அவர் என்னிடம் அதற்குப் பிறகு மோட்டாரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஆனி மாதத்தில்தான் காகிதம் பேனாவோடு உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கம் வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஏக்கருக்கு 24 லட்சம் லிட்டர் மழை விழுகிறது. 5 ஏக்கருக்கு 1 கோடியே 20 லட்சம் லிட்டர். கேட்க எவ்வளவு பெரிதாக இருக்கிறது! ஆனால் எங்களுடையது கடினப் பாறைப் பூமி. மேல்மண் குடித்தது, வெயில் உறிஞ்சியது, ஓடையில் ஓடியது எல்லாம் போக, பாறை இடுக்கு வரைக்கும் இறங்குவது பத்தில் ஒரு பங்கு என்றால் அதுவே நல்ல கணக்கு. ஆக, என் நிலத்தில் ஒரு வருடத்துக்கு ஊறும் நிலத்தடி நீர் 12 லட்சம் லிட்டர்.

என் மோட்டார் ஒரு நாளைக்கு எடுத்தது 36,000 லிட்டர். 12 லட்சத்தை 36,000-ஆல் வகுத்துப் பாருங்கள். 33 நாள்.

33 நாளில் ஒரு வருட வரவு தீர்ந்தது. நான் ஓட்டியது ஏறக்குறைய 250 நாள். மிச்சம் 217 நாளும் நான் இறைத்தது மாமாவின் நிலத்தடியிலிருந்து ஊறி வந்ததும், பாறைக்குள் எத்தனையோ வருடமாக ஒதுங்கிக் கிடந்ததும். வாய்க்காலில் விட்டதில் கொஞ்சம் திரும்பக் கீழே இறங்கியிருக்கும்தான். குளம், ஓடை, பாசனக் கால்வாய் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இதைவிடத் தாராளமாக வரும். எப்படிக் கழித்துக் கூட்டினாலும் எனக்கு அது மேலே வரவில்லை.

இன்னும் ஒன்று. சரி, வாய்க்காலில் விட்டதுதான் தப்பு, சொட்டுநீருக்கு மாறினால் சரியாகிவிடும் என்று அடுத்த கணக்கைப் போட்டேன். மூணு ஏக்கரில் 210 தென்னை. மரத்துக்கு நாளுக்கு 65 லிட்டர் என்றால் 13,650 லிட்டர். வருடத்தில் 200 நாள் விட்டாலும் 27 லட்சம் லிட்டர். 12 லட்சம் வரவு உள்ள நிலத்தில்! சொட்டுநீர் போட்டு, மூடாக்குப் போட்டு, பிசகில்லாமல் நடந்தாலும், என் தென்னந்தோப்பு என் நிலத்து மழையில் நிற்கவில்லை என்று தெரிந்தபோது கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே தோன்றவில்லை.

மாட்டுக்குக் கால் வலித்தது, பேனலுக்கு வலிக்காது

பழைய கிணறு ஐம்பது வருடம் வற்றாமல் நின்றதற்கு அப்பாருவின் கெட்டிக்காரத்தனம் மட்டும் காரணமில்லை. மாடு களைத்துவிடும். 60 அடிக்குக் கீழே வடம் போகாது. ராத்திரி கிணறு ஊறும். ஆற்றல் பற்றாக்குறைதான் அந்தக் கிணற்றுக்குக் காவல்காரனாக இருந்தது.

இதைச் சொன்னால், ‘இலவச மின்சாரம் கூடாது என்கிறாயா?’ என்று என் சிநேகிதர்கள் சண்டைக்கு வருவார்கள். இல்லை. 1972-ல் மாட்டுவண்டிகளைக் கோவைக்குள் ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்திப் போராடிய கூட்டம் எங்கள் கூட்டம். நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டணத்துக்காக நடந்த அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியில்தான், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அது இல்லாவிட்டால் சிறு விவசாயி எப்போதோ நிலத்தை விற்றிருப்பான். நான் சொல்வது வேறு. மின்சாரம் பற்றாமல் இருந்தவரை அதுவே கிணற்றுக்கும் கடிவாளம். சோலார் வந்ததும் அந்தக் கடிவாளம் கழன்றுவிட்டது; இனி கையில் பிடிக்க வேண்டியது நாம்தான்.

தமிழ்நாட்டின் பிர்க்காக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, ஊறுவதைவிட அதிகம் இறைக்கும் இடம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கெடுப்பில் வருகிறது. குசும் திட்ட விதிகளிலேயே, இப்படிப்பட்ட பகுதியில் புதிதாகச் சோலார் பம்ப் இல்லை, ஏற்கெனவே உள்ள டீசல் பம்பை மாற்றிக்கொள்ளலாம், அதுவும் சொட்டுநீர் போன்ற நுண்ணீர்ப் பாசனத்தோடு என்றிருக்கிறது. உங்கள் பிர்க்கா எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று மனுக் கொடுக்கும்போதே அலுவலகத்தில் கேளுங்கள். மானிய விகிதத்தையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்; அது அவ்வப்போது மாறும்.

குஜராத்தில் ஒரு ஊர் இந்தக் கடிவாளத்தை வேறு மாதிரி செய்து பார்த்தது. கேடா மாவட்டத்தில் டுண்டி என்ற கிராமம். 2016-ல் அங்கே சோலார் பம்ப் வைத்த சில விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, பாசனத்துக்குப் போக மீதி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 பைசா என்று 25 வருட ஒப்பந்தம். மோட்டாரை நிறுத்தி வைத்தாலும் பணம் வருமென்றால் யார் சும்மா இறைப்பார்? என் கணக்கில் வைத்தால், 100 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு யூனிட் கொண்டுவருவது 1,650 லிட்டர். அந்தத் தண்ணீர் என் தோட்டத்தில் 4 ரூபாய் 63 பைசாவுக்கு மேல் சம்பாதித்துக் கொடுக்கிறதா என்று கேட்டுக்கொண்டால், வாய்க்காலில் திருப்பிவிட்ட நாட்களுக்கு என்னிடம் பதில் இல்லை. குசும் திட்டத்திலும் மின் இணைப்பு உள்ள பம்புகளைச் சோலாருக்கு மாற்றி மிச்சத்தை விற்கும் பிரிவு உண்டு. என்னைப் போல மின் இணைப்பே இல்லாத தனிப் பம்புக்கு அந்த வழி இல்லை. மிச்ச மின்சாரத்தைத் தீவனம் நறுக்கும் இயந்திரத்துக்கோ மாவரைக்கும் இயந்திரத்துக்கோ திருப்பும் கன்ட்ரோலர்கள் வந்திருக்கின்றன, வாங்கும்போது கேளுங்கள்.

‘பேட்டரி வைத்துக்கொண்டால் மிச்சத்தைச் சேமிக்கலாமே?’ என்பதும் அடிக்கடி வரும் கேள்விதான். பாசனத்துக்கு வேண்டாம். பேட்டரி விலை கட்டாது. தொட்டிதான் நமக்குப் பேட்டரி. ஏற்றி வைத்த தண்ணீரில் செய்து முடித்த வேலை இருக்கிறது. வால்பாறைப் பக்கம் கடம்பாறையில் மின்வாரியமே இதைத்தான் செய்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறது.

இப்போது செய்துகொண்டிருப்பது

பழைய கிணற்றுக்குப் பக்கத்தில் 500 அடியில் இன்னொரு போர் போட்டதில் கொஞ்சம் தண்ணீர் கிடைத்தது. மோட்டாரை இறக்கும்போதே, கூடவே அரை அங்குலப் பைப் ஒன்றையும் அடி வரைக்கும் இறக்கிவிட்டேன். அதன் வழியாக எடை கட்டிய நூலை விட்டு நீர்மட்டம் பார்க்கலாம். மோட்டார் வயரில் சிக்காது. இந்தப் பைப்புக்கு ஆன செலவு ஒரு வாழைத்தாருக்குக்கூட ஆகாது. முதல் போர் போடும்போதே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. மாதம் ஒருமுறை, காலையில் மோட்டார் ஓடுவதற்கு முன்னால் அளந்து நோட்டில் எழுதுகிறேன். மாமாவும் தன் கிணற்றை அளந்து சொல்கிறார். அவருடையதையும் அதே நோட்டில்தான் எழுதுகிறேன்.

கன்ட்ரோலரில் டைமர் வைத்து ஒரு நாளைக்கு 10,000 லிட்டரோடு நிறுத்திவிட்டேன். காய்ப்புக் குறைந்த 70 தென்னையை எடுத்துவிட்டு, அந்த ஒரு ஏக்கரைக் கொறங்காடாகத் திருப்பியிருக்கிறேன். கொழுக்கட்டைப் புல், ஓரத்தில் கிளுவை வேலி, நடுவில் நாலு வெள்வேல மரம். அதற்கு மோட்டார் வேண்டாம், மழை பெய்தால் போதும். 12 செம்மறி மேய்கிறது. தென்னை தரும் வருமானம் அதில் வராது, உண்மைதான். மிச்சம் 140 மரத்துக்கு ஓலையும் மட்டையும் போட்டு மூடாக்கு.

நிலத்தின் தாழ்ந்த மூலையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர் பண்ணைக்குட்டை. சரிவு போக ஒரு தடவை நிறைந்தால் 10 லட்சம் லிட்டர் பிடிக்கும். தார்ப்பாய் விரிக்கவில்லை, இறங்கட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன். அதிலும் வெயில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. தினமும் அரை சென்டிமீட்டர் ஆவியானால் நாலாயிரம், ஐந்தாயிரம் லிட்டர். ஆனாலும் இறங்குவது இறங்குகிறது. நீர்மட்டம் 10 மீட்டர் ஏறினால் 1,000 லிட்டருக்கு 0.06 யூனிட் மிச்சம். பேனல் கூட்டாமலே சோலார் கூடிய மாதிரிதான்.

நோட்டில் உள்ளபடி: புதுப் போர் முதல் சித்திரையில் 438 அடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் குட்டை ஒன்றரைத் தடவை நிறைந்த பிறகு, தை மாதம் 396. மாமாவின் கிணற்றில் தையில் 11 அடி தண்ணீர் நின்றது. ஒரு எருமைக் கன்று வாங்கிக் கட்டியிருக்கிறார். வரும் சித்திரையில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துவிட்டு எழுதுகிறேன். உங்கள் போரில் எத்தனை அடி என்று நீங்களும் எழுதுங்கள்.